இடது பக்கமே திரும்பும் மீன்

நெட்டேரியின் நடுவில், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தன. அவற்றுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மீன் பிடிக்கக் கற்றுத் தரும் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியர் ஏகாம்பரம் என்ற வயதான நீர்க்காகம். பாடம் ஒன்றுதான். தேர்வும் ஒன்றுதான். தேர்வில் பிடிக்க வேண்டிய மீனும் ஒன்றேதான்!

அந்த மீனின் பெயர் மாசிலாமணி. கெண்டை மீன். மீனும் மீனைத் தின்கிற பறவையும் பேசிப் பழகுமா என்று கேட்காதீர்கள். ஒப்பந்தம் என்று ஒன்று போட்டுக்கொண்டால் யாரும் யாரோடும் பழகலாம். தேர்வு நாளன்று மாசிலாமணி படித்துறையிலிருந்து கிளம்பும். ஏரித் தண்ணீர் வெளியே போகிற மதகு வரைக்கும் நேராக நீந்தும். மதகடியில் கொஞ்சம் நிற்கும். பிறகு இடது பக்கம் திரும்பும். அந்த இடத்தில் மாணவன் முங்கிப் போய் அதைக் கவ்வித் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டு விட்டுவிட வேண்டும். இதற்குப் பதிலாக, ஏரியில் எந்த நீர்க்காகமும் மாசிலாமணியைத் தின்னாது.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு பெற்றோர்கள் மண்புழுவும் கையுமாக, இல்லை, மண்புழுவும் அலகுமாகப் படித்துறைக்கு வர ஆரம்பித்தார்கள்.

"அண்ணே, நாளைக்கு எங்க பையன் வர்றான். கொஞ்சம் பார்த்துத் திரும்புங்க."

"அதுக்கென்ன, மெதுவாவே திரும்பறேன்" என்று மாசிலாமணி புழுவை விழுங்கும்.

புழு தின்று தின்று மாசிலாமணி பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. எந்த மாணவனாலும் அதைத் தூக்க முடியவில்லை. பெற்றோர்கள் முறையிட்டார்கள். சரி, தூக்க வேண்டாம், வாலைக் கவ்வினால் போதும் என்றார் ஏகாம்பரம். அதற்கும் முறையிட்டார்கள். வாலைத் தொட்டால் போதும் என்று ஆனது. அந்த வருஷம் முதல் எல்லாரும் நூற்றுக்கு நூறு. சுற்றுவட்டார ஏரிகளெல்லாம் வாயைப் பிளந்தன.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். படிக்கிற பிள்ளைகள் மீன் பிடிக்கக் கூடாது! மீன் பிடிக்கப் போனால் மீன் பிடிக்கிற படிப்புக் கெட்டுப்போய்விடுமாம். "நீ படி கண்ணு. மீனெல்லாம் அம்மா பார்த்துக்கறேன்" என்று ஒவ்வொரு மரத்திலும் ஒரு தாய் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கிளையில் உட்கார்ந்து "மதகு, நிற்றல், இடது" என்று உருப்போடும். பசி எடுத்தால் வாயைத் திறக்கும். அம்மா கொண்டுவந்து ஊட்டுவாள்.

எல்லாரும் நூறு வாங்கினாலும் அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் இடம் மையாள் என்ற பெண்ணுக்குத்தான். மாசிலாமணி மதகடிக்கு வருவதற்கு முன்பே அவள் இடது பக்கம் போய்க் காத்திருப்பாள். அவ்வளவு கெட்டிக்காரி. அவளுடைய அம்மா சிந்தாமணிக்குப் புருஷன் இல்லை. ஒற்றை ஆளாக மீன் பிடித்து மகளை வளர்த்தாள். மகளுக்கு வயிறு நிறைய ஊட்டிவிட்டுத் தான் அரை வயிறாகவே இருந்து பழகிவிட்டாள். மகள் பெரிய இடத்துக்குப் போய்விட்டால் பட்ட பாடெல்லாம் தீரும் என்று நம்பினாள். பாவம், அதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை.

மார்கழியில் பட்டைத்தலை வாத்துகள் பனிமலைக்கு அப்பாலிருந்து நெட்டேரிக்கு வந்து தங்கும். கோடை வருமுன் திரும்பிப் போகும். அந்தக் கூட்டத்தின் தலைவரை எல்லாரும் வெளிநாட்டார் என்றே கூப்பிடுவார்கள். சிந்தாமணி அவரைத் தேடிப் போனாள்.

"ஐயா, உங்க ஊர் ஏரி பெரிசா?"

"ஒரு கரையில நின்னா மறுகரை தெரியாது அம்மா."

"அங்கே பள்ளிக்கூடம் இருக்கா?"

"நீர்க்காகங்க கூட்டமா உட்கார்ந்திருக்கறதைப் பார்த்திருக்கேன். படிப்புன்னுதான் சொல்லிக்கிறாங்க."

சிந்தாமணிக்கு அதுவே போதுமாக இருந்தது. "நீங்க போகும்போது என் பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போங்க. நூத்துக்கு நூறு வாங்கற பொண்ணு" என்றாள். வரட்டுமே என்றார் வெளிநாட்டார். அவள் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. கேட்காததை அவரும் சொல்லவில்லை.

மறுநாளே சிந்தாமணி மரம் மரமாகப் போய் வழியனுப்பு விருந்துக்கு அழைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு நீண்டது. உச்சி வேளை தாண்டியும் அவள் திரும்பவில்லை. மையாளுக்குப் பசி வந்துவிட்டது. வாயைத் திறந்தாள். ஊட்ட யாரும் இல்லை.

கீழே தண்ணீரில் ஓர் அயிரை போய்க்கொண்டிருந்தது. விரலளவு மீன். இதைப் பிடிக்க நமக்கென்ன கஷ்டம் என்று மையாள் முங்கினாள். அயிரை கொஞ்சம் நின்றது. மையாள் இடது பக்கம் பாய்ந்தாள்.

"அக்கா, நான் இந்தப் பக்கம் இருக்கேன்" என்றது அயிரை, வலது பக்கத்திலிருந்து.

மறுபடியும் பாய்ந்தாள். அயிரை மேலே போனது. மறுபடியும் பாய்ந்தாள். கீழே போனது. பிறகு சேற்றுக்குள் புகுந்து காணாமலே போய்விட்டது. மூக்கெல்லாம் தண்ணீர் ஏறி, மையாள் கிளையில் ஏறிச் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. பனிமலையைத் தாண்டிப் பறக்க வேண்டும். அம்மா கூட வரப்போவதில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் சிந்தாமணி மீனோடு வந்தாள்.

"அம்மா, எனக்கு மீன் பிடிக்க வரலை."

"முதல் மார்க் வாங்கறவ பேசற பேச்சா இது? ஊர்க் கண்ணு பட்டிருக்கு. திரும்பி உட்காரு, சுத்திப் போடறேன்."

சுற்றிப் போட்டாள். கண்ணேறு கழிந்ததோ என்னவோ, அயிரை பிடிக்க மட்டும் வரவில்லை. மறுநாள் மையாள் வெளிநாட்டாரிடம் போனாள். அவர் கரையில் புல் மேய்ந்துகொண்டிருந்தார்.

"ஐயா, வழியில சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவோம்?"

"அவங்கவங்க சாப்பாட்டை அவங்கவங்கதான் பார்த்துக்கணும்."

"உங்க ஏரியில மீன் எந்தப் பக்கம் திரும்பும்?"

வெளிநாட்டார் சிரித்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் புல் தின்கிறவன் அம்மா. மீனைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

"அம்மாகிட்ட ஏன் இதைச் சொல்லலை?"

"ஏரி பெரிசான்னு கேட்டாங்க. பெரிசுன்னேன். மீனைப் பத்தி அவங்க கேட்கவே இல்லையே." அவர் கடித்த புல்லைக் கீழே போட்டார். "போன தடவை வேற ஏரியிலேருந்து ஒரு நீர்க்காகப் பையன் எங்க கூட வந்தான். அவனும் நல்லாப் படிச்சவன்தான். மலைக்கு இந்தப் பக்கமே இளைச்சுத் துரும்பாகி ஒரு மரத்துல உட்கார்ந்துட்டான். நாங்க புல்லைக் கொடுத்தோம். அவனால தின்ன முடியலை. என்ன ஆனானோ தெரியாது. இன்னும் என் மனசு கேட்கலை."

மையாள் நேராக ஏகாம்பரத்திடம் போனாள்.

"சார், மீன் வலது பக்கம் திரும்பினா என்ன பண்ணணும்?"

"பாடத்துல இல்லாததை எதுக்குக் கேட்கறே?" வருஷக்கணக்கில் சொல்லிப் பழகிய வார்த்தை, தானாக வந்துவிட்டது.

"பசிக்குது சார். அதான் கேட்கறேன்" என்று மையாள் நேற்று நடந்ததையும் வெளிநாட்டார் சொன்னதையும் சொன்னாள்.

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். "நான் வாத்தியாரான புதுசுல எல்லா மீனையும் துரத்த விட்டேன் அம்மா. மதகுக்கு வலது பக்கம் ஒரு அறுந்த வலை கிடந்துச்சு. எனக்குத் தெரியாது. ஒரு பையன் விரால் பின்னாடி போய் அதுல சிக்கிக்கிட்டான். மேலே வரவே இல்லை. அவன் பேரு தாமோதரன். நல்ல பையன். அன்னையிலேருந்துதான் பழகின மீனா ஒண்ணைப் பிடிச்சு, இடது பக்கம் மட்டும் திரும்பணும்னு வச்சேன்."

மையாளுக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. மெதுவாகக் கேட்டாள். "அந்த வலை இன்னும் இருக்கா சார்?"

"இல்லை. பின்னாடி வந்த வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

"அப்புறம் ஏன் சார் இடது பக்கமே வச்சிருக்கோம்?"

ஏகாம்பரம் மதகுக்கு வலது பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை காலம் யாரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அங்கிருந்து மையாள் படித்துறைக்குப் போனாள். மாசிலாமணி படியோரம் புழுவுக்காகக் காத்திருந்தது.

"மாமா, எனக்காக ஒரு தடவை நிஜமா ஓடுங்க. நான் துரத்தணும்."

"ஓடறதா? பிடிபடறதுக்கு வாங்கற புழுவே செரிக்க மாட்டேங்குது. இதுல ஓட்டம் வேறயா?"

"நான் உங்களைப் பிடிச்சா விட்டுடுவேன் மாமா. வாய்க்கால்ல நீர்நாய் வந்து போகுதே, அது பிடிச்சா விடுமா?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. அந்த நீர்நாயை நினைத்துத்தான் அது சில நாளாகப் படித்துறையை விட்டு நகர்வதே இல்லை. "சரி, வா. ஒரு கெண்டை எப்படி ஓடும்னு காட்டறேன்" என்று வீராப்பாகக் கிளம்பியது. நேராக மதகுக்குப் போனது. கொஞ்சம் நின்றது. இடது பக்கம் திரும்பியது. மையாளும் இடது பக்கம் திரும்பி அதன் வாலில் முட்டிக்கொண்டாள்.

"மாமா, ஓடறேன்னு சொன்னீங்களே?"

"ஓடினேனே அம்மா! உடம்பு தன்னால இங்கே வந்து நிக்குது. எனக்கு ஓட மறந்தே போச்சு." பெரிய கெண்டை மீன், குஞ்சு மாதிரி பயந்து அழுதது.

"அழாதீங்க மாமா. எனக்கும்தான் பிடிக்க வரலை. ரெண்டு பேரும் சேர்ந்து படிப்போம்" என்றாள் மையாள்.

அன்று முதல் தினமும் இதே வேலை. மாசிலாமணி புழுவைக் குறைத்தது. முதலில் திக்கித் திணறி வலது பக்கம் திரும்பக் கற்றது. பிறகு அடியில் பாய, சேற்றைக் கலக்கிவிட்டு நழுவ, அல்லிக் கொடிக்குள் புகுந்து மறுபக்கம் வர என்று மறந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. மையாள் துரத்தித் துரத்தித் தோற்றாள். தோற்ற ஒவ்வொரு தடவையும் மாசிலாமணி மேலே வந்து, "இப்ப நான் வாலைப் பார்க்க விட்டேன், நீ வாலைப் பார்த்தே. தலையைப் பாரு அம்மா. தலை எங்கே திரும்புதோ அங்கேதான் நான் போவேன்" என்று சொல்லும். ஏகாம்பரம் கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவரும் தண்ணீரில் குதித்துவிட்டார். கிழவருக்கு அன்று வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே.

பிறகு அவர் பெற்றோர்களைக் கூட்டினார். இனிமேல் தேர்வில் மீன் எந்தப் பக்கமும் ஓடும் என்றார். அதுமட்டுமல்ல, படிக்கிற பிள்ளைகள் தினமும் தண்ணீரில் இறங்க வேண்டும் என்றார். அவ்வளவுதான், கருவேல மரமே குலுங்கியது.

"நல்லா மார்க் வாங்கற பிள்ளைங்க வாயில மண்ணைப் போடறீங்களே சார்!" என்றார் ஒருவர்.

"மறுபடியும் எவனாவது சிக்கினா யாரு பதில் சொல்றது?" என்றார் இன்னொருவர்.

ஏகாம்பரம் அந்தக் கேள்வியில் கொஞ்சம் ஆடித்தான் போனார். "பிள்ளைங்க இறங்கறதுக்கு முன்னாடி நான் இறங்கி அடிவரைக்கும் பார்ப்பேன். அன்னைக்கே அதைச் செஞ்சிருக்கணும். அதை விட்டுட்டுப் பிள்ளைங்களைக் கட்டிப் போட்டேன்" என்றார்.

"மார்க் குறைஞ்சா எங்க பிள்ளைங்களை வெளிநாட்டார் கூட்டிக்கிட்டுப் போவாரா?" என்று மூன்றாவது குரல் எழுந்தது.

கரையிலிருந்த வெளிநாட்டார் தலையை நிமிர்த்தினார். "நான் எப்ப மார்க் கேட்டேன்?" என்றார்.

புதுத் தேர்வு நடந்தது. மாசிலாமணி படித்துறையிலிருந்து கிளம்பி, மதகடியில் நிற்காமலே வலது பக்கம் பாய்ந்து, சேற்றைக் கிளப்பிவிட்டு மறைந்தது. ஒரு பிள்ளையும் தொடவில்லை. மையாள் மட்டும் வால் நுனி வரைக்கும் போய்த் தவறவிட்டாள். நெட்டேரிப் பள்ளியில் முதன்முதலாக எல்லாரும் தோற்றார்கள். ஏகாம்பரம் யாரையும் திட்டவில்லை. "நீ எந்த இடத்துல தவறவிட்டே?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டார். ஒவ்வொன்றும் ஓரிடம் சொன்னது. மறுநாள் அந்த இடம்தான் அந்தப் பிள்ளைக்குப் பாடம்.

மையாள் வீட்டுக்குப் போய், இந்தத் தடவை வாத்துகளோடு போகவில்லை என்று சொன்னாள். சிந்தாமணி இடிந்துபோனாள்.

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே! என் தலையைக் குனிய வச்சுட்டியே! அரை வயித்தோட உன்னை வளர்த்தது இதுக்குத்தானா?"

மையாள் ஏச்சையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு கிளையிலிருந்து தண்ணீரில் முங்கினாள். சிந்தாமணி மேலே நின்று திட்டிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் ஒரு பக்கம் கலங்கியது. மறுபக்கம் கலங்கியது. கொடியெல்லாம் ஆடியது. சிந்தாமணி திட்டுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்த்தாள். மகள் போனவள் வரவில்லையே என்று கிளை நுனிக்கே வந்துவிட்டாள்.

மையாள் மேலே வந்தாள். அவள் அலகில் ஒரு குறவை மீன் துள்ளிக்கொண்டிருந்தது. பெரிதில்லை. ஆனால் ஓடிய மீன். அவள் கிளையில் ஏறி, அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். சிந்தாமணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊட்டித்தான் அவளுக்குப் பழக்கம்.

"வாயைத் திற அம்மா" என்றாள் மையாள்.

சிந்தாமணி வாயைத் திறந்தாள். மகள் ஊட்டினாள். அவள் விழுங்கிவிட்டு அப்படியே அழுதாள்.

அந்தப் பங்குனியில் வாத்துகள் மட்டும் போயின. மறுவருஷம் அவை வந்தபோது சிந்தாமணி முன்பு கேட்காததையெல்லாம் கேட்டாள். வழியில் எந்தெந்தக் குளத்தில் இறங்குவீர்கள், அங்கே நீர்நாய் உண்டா, குளிர் எப்படி, போன பிள்ளைகளில் எத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்டாள். வெளிநாட்டார் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார்.

"நம்ம ஏரியிலேயே எல்லாம் கத்துக்கிட்டியே, இன்னும் ஏன் போகணும்?" என்று கடைசியில் மகளையும் கேட்டாள்.

"பனித்தண்ணியில மீன் எப்படி ஓடும்னு இங்கே யாருக்கும் தெரியாதே அம்மா. பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றாள் மையாள்.

புறப்படும் காலையில் படித்துறையில் மாசிலாமணி தலையை நீட்டியது. இளைத்து, மினுமினுவென்று இருந்தது. "ஒரு தடவை துரத்திட்டுப் போ" என்றது. மையாள் முங்கினாள். மதகு வரை போனார்கள். மாசிலாமணி வலதுபுறம் தலையைத் திருப்பியது, மையாள் வலது பக்கம் பாய்ந்தாள். அதற்குள் கெண்டை இடது பக்கம் போய்விட்டிருந்தது!

"ஏமாந்தியா?" என்று சிரித்தது மாசிலாமணி. "அங்கேயும் இப்படித்தான் இருக்கும். தைரியமாப் போயிட்டு வா."

மையாள் சிரித்துக்கொண்டே சிறகை உதறினாள். சிந்தாமணி வழிச்சாப்பாடு என்று எதையும் கட்டித் தரவில்லை. வாத்துக் கூட்டம் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கருவேல மரத்து உச்சியிலேயே நின்றிருந்தாள்.

ஆகவே பிள்ளைகளே, பெற்றவர்களே, பிடிபடுவதற்கென்றே நிற்கிற மீனைத் தொட்டு வாங்கிய நூறு மதிப்பெண் பக்கத்து மரம் வரைக்கும் கூடச் சோறு போடாது. ஓடுகிற மீனைத் துரத்தித் தோற்கக் கற்றுக்கொண்ட பிள்ளை எந்த நாட்டு ஏரியிலும் பிழைத்துக்கொள்ளும்.